இத்தாகாவில் கார் இல்லாமல் ஒரு வார இறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், கயூகா ஏரியின் தென்முனையை ஒட்டி இருக்கும் ஊர் இத்தாகா. 2020 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை சுமார் 32,000. கிழக்கு மலைமேல் 1865இல் தொடங்கிய கார்னெல் பல்கலைக்கழகம், தெற்கு மலைமேல் இத்தாகா காலேஜ், இரண்டுக்கும் கீழே சமதளத்தில் டவுன்டவுன். பிள்ளையைப் பார்க்க வரும் அப்பா அம்மா, நண்பர் அறையில் இரண்டு நாள் தங்க வருகிறவர்கள், சேர்வதற்கு முன் கல்லூரியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வருகிறவர்கள், இவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

உண்மையிலேயே கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், தாராளமாக முடியும். ஆனால் ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஊரில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. உயரம்தான் பிரச்சினை. டவுன்டவுனுக்கும் கார்னெல் வளாகத்துக்கும் நடுவே வரைபடத்தில் ஒரு மைல்தான் தெரியும். "இருபது நிமிஷ நடைதானே" என்று கிளம்பிவிடுவோம். அந்த ஒரு மைலுக்குள் சுமார் 400 அடி ஏற வேண்டும். அது 40 மாடிக் கட்டடத்தின் உயரம். பஃபலோ ஸ்ட்ரீட் வழியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அதனால் இரண்டு நாள் திட்டத்தையும் ஒரே விதியை வைத்துப் போட்டுவிடலாம்: ஏறுவதற்குப் பேருந்து, இறங்குவதற்குக் கால். காலையில் பேருந்தில் வளாகத்துக்கு ஏறிவிடுங்கள். மேலே பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் அருவிகளைப் பார்த்தபடி நடந்து இறங்குங்கள். இப்படிச் செய்தால் கார் வைத்திருப்பவர்களைவிட நீங்கள் இந்த ஊரை நன்றாகப் பார்ப்பீர்கள். அவர்களுக்கு வளாகத்தில் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்கே பாதி நேரம் போய்விடும்.

நியூயார்க் நகரத்திலிருந்து எப்படி வருவது?

பேருந்துதான். ஏறக்குறைய 350 கிலோமீட்டர், சுமார் ஐந்து மணி நேரம். அவர்பஸ், ஃப்ளிக்ஸ்பஸ், கிரேஹவுண்ட் போன்ற நிறுவனங்கள் இந்தத் தடத்தில் ஓட்டுகின்றன. கார்னெல் பல்கலைக்கழகமே கேம்பஸ்-டு-கேம்பஸ் என்ற பேருந்தை நடத்துகிறது. கட்டணம் சற்று அதிகம், இருக்கைகள் விசாலம்.

வெள்ளிக்கிழமை மாலை 4, 5 மணிக்கு மன்ஹாட்டனில் ஏறினால் லிங்கன் சுரங்கப்பாதையைத் தாண்டவே நெடுநேரம் ஆகும். முடிந்தால் மதியம் 2 மணிக்குள் கிளம்பும் வண்டியைப் பிடியுங்கள். டிக்கெட் எடுக்கும்போது எங்கே இறங்குகிறோம் என்பதையும் பாருங்கள். சில வண்டிகள் டவுன்டவுனில் மட்டும் நிற்கும், சில கார்னெல் வளாகத்திலும் நிற்கும். நண்பர் வீடு மலைமேல் இருந்தால் வளாகத்தில் இறங்குவதே புத்திசாலித்தனம்.

ரயில் உண்டா?

இல்லை. இத்தாகாவுக்கு வந்துகொண்டிருந்த லீஹை வேலி ரயில்பாதையில் பயணிகள் சேவை 1961இல் நின்றுவிட்டது. அமெரிக்காவின் நெடுந்தூரப் பயணிகள் ரயிலான அம்ட்ராக்குக்கு அருகிலுள்ள பெரிய நிலையம் சிரக்யூஸ். அங்கிருந்து இத்தாகா 90 கிலோமீட்டர் வரும். ரயிலில் சிரக்யூஸ் வந்து பேருந்து மாறுவது ஒரு வார இறுதிப் பயணத்துக்குக் கட்டுப்படியாகாது. நேரப் பொருத்தம் அவ்வளவு நன்றாக அமைவதில்லை.

விமானத்தில் வருகிறவர்களுக்கு ஊரிலேயே சிறிய விமான நிலையம் இருக்கிறது. டிக்கெட் விலை அதிகமாகத் தெரிந்தால் சிரக்யூஸ் விமான நிலையத்தையும் பாருங்கள். ஆனால் சிரக்யூஸில் இறங்கினால் அங்கிருந்து இத்தாகா வரும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எந்தப் பகுதியில் தங்கினால் வசதி?

கார் இல்லை என்றால் காமன்ஸ் பக்கம் தங்குங்கள். காமன்ஸ் என்பது டவுன்டவுன் நடுவே வண்டிகள் போகாத, நடப்பவர்களுக்கு மட்டுமான தெரு. கடைகள், உணவகங்கள், உள்ளூர்ப் பேருந்து நிறுத்தங்கள் எல்லாம் இரண்டு நிமிஷத் தூரத்தில் இருக்கும். சமதளம் என்பதால் இரவு சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்புவதும் சுலபம்.

வளாகத்திலேயே தங்க விரும்பினால் ஸ்டாட்லர் ஹோட்டல். கார்னெலின் ஹோட்டல் நிர்வாகப் படிப்போடு சேர்ந்தது, மாணவர்களும் அங்கே வேலை பார்ப்பார்கள். வாடகை அதிகம்தான்.

வடக்கே மால் பக்கத்திலும் தெற்கே 13ஆம் எண் சாலை ஓரத்திலும் மலிவான மோட்டல்கள் இருக்கின்றன. அவை காரில் வருகிறவர்களுக்கானவை. அறையில் மிச்சம் பிடித்த பணம் டாக்சிக்குப் போய்விடும். வீட்டு வாடகைத் தளங்களில் "டவுன்டவுனிலிருந்து அரை மைல்" என்று போட்டிருந்தால், அந்த அரை மைல் எந்தத் திசையில் என்று பாருங்கள். கிழக்கிலோ தெற்கிலோ என்றால் அது ஏற்றம்.

மே மாதக் கடைசியில் பட்டமளிப்பு விழா, ஆகஸ்டில் புது மாணவர்கள் குடிவரும் நாட்கள், அக்டோபரில் இலைகள் நிறம் மாறும் வாரங்கள். இந்தச் சமயங்களில் அறை கிடைப்பதே கஷ்டம், பல மாதம் முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

உள்ளூர்ப் பேருந்து எப்படி இருக்கும்? எனக்குப் பழக்கமே இல்லையே.

உள்ளூர்ப் பேருந்தின் பெயர் டிகேட். கார்னெல், இத்தாகா நகரம், டாம்ப்கின்ஸ் கவுண்டி மூன்றும் சேர்ந்து உருவாக்கிய சேவை. பெரியவர்களுக்குக் கட்டணம் 1.50 டாலர், 17 வயது வரை இலவசம். கார்னெல் மாணவர்கள் அடையாள அட்டையைக் காட்டி வார இறுதியில் இலவசமாகப் போகலாம், ஆனால் கூட வரும் அப்பா அம்மா டிக்கெட் எடுக்க வேண்டும். காசாகக் கொடுப்பதென்றால் சரியான சில்லறை வேண்டும். 5 டாலர் நோட்டைப் பெட்டியில் போட்டால் மீதி வராது. ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒற்றை டாலர் நோட்டுகளும் கால் டாலர் நாணயங்களும் கொஞ்சம் எடுத்து வையுங்கள், அல்லது போனில் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. காமன்ஸுக்குத் தெற்கே கிரீன் ஸ்ட்ரீட், வடக்கே செனகா ஸ்ட்ரீட். இரண்டு தெருவிலும் டிகேட் நிறுத்தம் இருக்கிறது, இரண்டின் பெயரிலும் காமன்ஸ் என்று வரும். நடுவில் கொஞ்ச தூரம்தான், ஆனால் தப்பான பக்கம் நின்றால் நம் வண்டி அந்தப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நிறுத்தத்தின் பெயரை முழுசாகப் படித்துவிட்டு நில்லுங்கள். வண்டி வரும்போது நெற்றியில் ஓடும் எழுத்தையும் பாருங்கள். எண் மட்டும் போதாது, எந்தத் திசைக்கு என்பது அதில்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஏறும்போதே ஓட்டுநரிடம் "கார்னெல் போகுமா?" என்று கேளுங்கள்.

வருகிறவர்களுக்கு மிகவும் பயன்படும் தடம் 30. டவுன்டவுன், கார்னெல் வளாகம், வடக்கே இருக்கும் மால் ஆகியவற்றை இணைக்கிறது. இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது ஜன்னல் ஓரமாக ஓடும் கயிற்றை இழுங்கள், மணி அடிக்கும். யாரும் ஸ்டாப் பெயரைக் கத்திச் சொல்ல மாட்டார்கள். போன் வரைபடத்தில் நீலப் புள்ளியைக் கவனித்துக்கொண்டே போவது நல்லது.

வார இறுதியில் பேருந்து ஓடுமா?

ஓடும், ஆனால் வார நாள் மாதிரி ஓடாது. பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். டவுன்டவுனுக்கும் கார்னெலுக்கும் நடுவே அடிக்கடி போய்வரும் 10ஆம் எண் வண்டி வார நாட்களுக்கு மட்டும். சனி, ஞாயிறுக்குத் தனி அட்டவணை, சில தடங்களுக்கு எண்ணே வேறு. ஞாயிறு அன்று இடைவெளி அதிகம், கடைசி வண்டியும் சீக்கிரம் போய்விடும்.

புதன்கிழமை வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தில் தேடும்போது, அது அந்த நேரத்துக்கான வண்டியைத்தான் காட்டும். "எப்போது கிளம்புகிறீர்கள்" என்ற இடத்தில் நீங்கள் போகும் சனிக்கிழமையின் தேதியையும் நேரத்தையும் போட்டுப் பாருங்கள். அப்புறம் டிகேட் தளத்தில் வார இறுதி அட்டவணையை ஒருமுறை சரிபார்த்து, முக்கியமான இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் மேலே போகும் வண்டி, இரவில் கீழே வரும் கடைசி வண்டி. கல்லூரி விடுமுறையில் அட்டவணை மாறும் என்பதால் ஜனவரி, கோடை மாதங்களில் வருகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

ஊபர், லிஃப்ட் கிடைக்குமா?

கிடைக்கும். நியூயார்க் நகரத்துக்கு வெளியே மாநிலம் முழுக்க அவற்றுக்கு 2017 ஜூனில்தான் அனுமதி வந்தது. டவுன்டவுனிலும், கார்னெல் வளாகத்தை ஒட்டிய காலேஜ்டவுன் பகுதியிலும் சாதாரண நேரத்தில் சில நிமிஷத்தில் வண்டி வரும். வெள்ளி, சனி இரவுகளில் விலை ஏறும்.

கவனம் வேண்டியது ஊருக்கு வெளியே போகும்போது. போவதற்கு வண்டி உடனே கிடைக்கும். திரும்ப அழைத்தால் அந்தப் பக்கம் ஓட்டுநரே இருக்க மாட்டார். போதாததற்கு, மலையிடுக்குகளுக்குள் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். எனவே வெளியூர் அருவிகளுக்குப் போவதாக இருந்தால் திரும்பும் வண்டியை முன்பே நேரம் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். உள்ளூர் டாக்சி நிறுவனத்திடம் போனில் பேசிப் போகவர ஏற்பாடு செய்துகொள்வது இன்னும் நிம்மதி.

சைக்கிள்?

சமதளத்திலும் ஏரிக்கரையிலும் சைக்கிள் அருமை. மலை ஏற மின்சைக்கிள் வேண்டும். 2022இல் தொடங்கிய இத்தாகா பைக்‌ஷேரில் மின்சைக்கிள்கள் கிடைக்கின்றன, நகருக்குள் சுற்றுவதற்கான ஏற்பாடு அது. செயலியை முன்பே போனில் ஏற்றிக் கணக்குத் தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிகேட் பேருந்துகளின் முன்பக்கம் சைக்கிள் மாட்டும் தாங்கி இருக்கிறது. சைக்கிளைப் பேருந்தில் மாட்டி மேலே கொண்டுபோய், மிதிக்காமலே இறங்கி வருகிறவர்கள் உண்டு. இறங்கும்போது பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அருவிகளைப் பார்க்கக் கார் வேண்டும் என்கிறார்களே?

நான்கு அருவி இடங்களைச் சொல்கிறேன். இரண்டுக்கு நடந்தே போகலாம்.

முதலாவது காஸ்கடில்லா. கார்னெல் வளாகத்தின் ஓரத்தில், காலேஜ் அவென்யூ கல்பாலத்தின் அருகே இறங்கினால், பாதை டவுன்டவுனின் லின் ஸ்ட்ரீட் பக்கம் போய் முடியும். முன்னே சொன்ன அந்த 400 அடியை இங்கே கல்படிகளில் இறங்குகிறோம், பக்கத்திலேயே ஓடையும் அருவி அருவியாக இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் பாறை, மெல்லிய தகடுகளை அடுக்கியது போல. அவசரப்படாமல் அந்த அடுக்குகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். விரல் தடிமனில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த சேறும் மணலும் அவை. இந்த இடம் கடலடியாக இருந்த டெவோனியன் காலத்தில் படிந்தவை, 35 கோடி ஆண்டுகளுக்கும் மேலான வயது. சில அடுக்குகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கசிந்து பாசி பிடித்திருக்கும். மேலே சாலையும் வீடுகளும் இருப்பதே தெரியாது. ராபர்ட் ட்ரீமன் என்பவர் இந்த மலையிடுக்கை 1909இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார், அதனால்தான் இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் நடக்க முடிகிறது. இந்த ஊரில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் இதைப் பாருங்கள். படிகள் ஈரமாக இருக்கும், செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள்.

இரண்டாவது இத்தாகா அருவி. 150 அடி உயரம், அதைவிடச் சற்று அதிக அகலம். காமன்ஸிலிருந்து சமதளத்திலேயே ஒரு மைல் நடந்தால் வந்துவிடும். ஊருக்குள் இப்படி ஒரு அருவி என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். பனி உருகும் ஏப்ரலிலும் நல்ல மழைக்கு மறுநாளும் இரைச்சலில் பேச முடியாது. ஆகஸ்டில் தண்ணீர் குறைவு.

மூன்றாவது தெற்கே பட்டர்மில்க் அருவி. டவுன்டவுனிலிருந்து 2 மைலுக்குச் சற்று மேல். நடக்கலாம்தான், ஆனால் 13ஆம் எண் சாலையில் வண்டிகள் விரையும் ஓரமாக நடப்பது சுகமில்லை. டாக்சியில் பத்து நிமிஷம்.

நான்காவது டகானக். 215 அடி, நயாகராவைவிட 33 அடி உயரம். ஊருக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டர். சைக்கிள் ஓட்டத் தெம்பு இருப்பவர்களுக்கு இதற்கு ஓர் அருமையான வழி உண்டு, பிளாக் டயமண்ட் பாதை. நின்றுபோன அந்த லீஹை வேலி ரயிலின் பழைய தடம்தான் இது, பெயரும் அதில் ஓடிய எக்ஸ்பிரஸ் ரயிலின் பெயர். ஏரிக்கரையின் காஸ் பூங்காவில் தொடங்கி மரங்களுக்கு நடுவே 8.4 மைல். ரயிலுக்குப் போட்ட தடம் என்பதால் எங்கும் செங்குத்து கிடையாது. போகும்போது லேசான ஏற்றம், திரும்பும்போது இறக்கம். கார் சத்தமே இல்லை. இதற்கு ஒரு கடையில் நல்ல சைக்கிளாக வாடகைக்கு எடுங்கள், அரை நாள் ஒதுக்குங்கள். அருவியின் அடிவாரத்துக்குப் போகும் முக்கால் மைல் நடைபாதை ஏறக்குறைய சமதளம், குளிர்காலத்திலும் திறந்திருக்கும்.

இந்த மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் வண்டிக்குத்தான். நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை.

அருவியில் குளிக்கலாமா?

நம் ஊர்ப் பழக்கத்தில் தண்ணீரைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கோடையில் பட்டர்மில்க், ராபர்ட் ட்ரீமன் பூங்காக்களில் உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில், குறித்த இடத்தில் மட்டும் அனுமதி. மற்ற மலையிடுக்குகளில் தடை. மேலே அமைதியாகத் தெரியும் குளத்தின் அடியில் இழுப்பு பலமாக இருக்கும். மாணவர்கள் இங்கே மூழ்கி இறந்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பையன்கள் குதிக்கிறார்களே என்று நீங்களும் இறங்காதீர்கள்.

சனிக்கிழமை காலை எங்கே போகலாம்? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

உழவர் சந்தைக்கு. ஏரி நீர்வழியை ஒட்டி ஸ்டீம்போட் லேண்டிங் என்ற இடத்தில், மரக்கூரையின் கீழ் நடக்கும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உண்டு. விற்கிறவர்கள் எல்லோரும் 30 மைல் சுற்றளவுக்குள் விளைவித்தவர்கள், செய்தவர்கள். செப்டம்பர், அக்டோபரில் வந்தால் ஆப்பிள் வாங்குங்கள், கடையில் பார்த்தே இராத வகைகள் இருக்கும். தட்டில் வாங்கிக்கொண்டு மரத்துறையில் உட்கார்ந்து சாப்பிடலாம். காமன்ஸிலிருந்து சுமார் ஒன்றரை மைல், முழுக்கச் சமதளம். அங்கிருந்து ஏரிக்கரைப் பாதையிலேயே ஸ்டூவர்ட் பூங்கா வரை நடக்கலாம்.

சைவத்துக்கு இந்த ஊரில் கவலையே வேண்டாம். டவுன்டவுனில் 1973இல் தொடங்கிய மூஸ்வுட் உணவகம் அமெரிக்காவிலேயே பேர்பெற்ற சைவ உணவகங்களில் ஒன்று. காரசாரம் எதிர்பார்க்காமல் போங்கள், காய்கறியை மதித்துச் சமைப்பார்கள்.

குளிர்காலத்தில் வரலாமா?

வரலாம், திட்டம் மாறும். நவம்பர் முதல் வசந்தம் வரை காஸ்கடில்லா பாதையை மூடிவிடுவார்கள். படிகளில் பனிக்கட்டி உறைந்திருக்கும், கம்பிக்கதவைத் தாண்டிப் போகக் கூடாது. இறங்குவதற்கும் பேருந்துதான். பனி கொட்டும் நாளில் வண்டிகள் தாமதமாகும் அல்லது சுற்றிப் போகும். இத்தாகா அருவி பாதி உறைந்து நிற்பது பார்க்க வேண்டிய காட்சி.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

மலையிடுக்குப் படிகளை விட்டுவிடுங்கள். மேலே போக ஊபர் எடுத்து, நேராக ஜான்சன் அருங்காட்சியகத்தில் இறங்குங்கள். ஐ.எம். பெய் வடிவமைத்த கட்டடம், 1973இல் திறந்தது, நுழைவு இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. லிஃப்டில் ஐந்தாவது மாடிக்குப் போனால் ஆசியக் கலைப்பொருட்கள், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஊர், மலை, நீளமாகப் போகும் கயூகா ஏரி எல்லாம் தெரியும். மூச்சு வாங்காமல் கிடைக்கும் மிகச் சிறந்த காட்சி அதுதான். அப்புறம் வளாகத்தின் நடுத்திடலில் பெஞ்சில் உட்கார்ந்தால், மெக்ரா மணிக்கூண்டுக் கோபுரத்தைப் பார்த்தபடி நேரம் போவதே தெரியாது.

டிகேட் பேருந்துகளில் தரைமட்டத் தளம், நிறுத்தத்தில் வண்டியை ஒருபக்கம் தாழ்த்துவார்கள். ஏறச் சிரமமிருந்தால் ஓட்டுநரிடம் சொல்லலாம், சரிவுப்பலகை போடுவார்.

டவுன்டவுனில் ஒரு மணி நேரம் சும்மா இருக்கிறது. என்ன செய்யலாம்?

சேகன் கோள் நடை. கார்னெலில் பேராசிரியராக இருந்த வானியலாளர் கார்ல் சேகன் நினைவாக 1997இல் அமைத்தது. சூரியக் குடும்பத்தை 500 கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி, தெருவிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். சூரியன் காமன்ஸ் நடுவே. அங்கிருந்து 30 மீட்டரில் பூமி, அதன் அளவு இரண்டரை மில்லிமீட்டர். உட்கோள்கள் எல்லாம் ஒரே தெருவில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் தெருத்தெருவாக நடக்க வேண்டியிருக்கும். புளூட்டோ 1.2 கிலோமீட்டர் தள்ளி, சயன்சென்டர் என்ற குழந்தைகள் அறிவியல் கூடத்தில். குழந்தையோடு வந்தவர்கள் தவறவிடக் கூடாது. அங்கிருந்து இத்தாகா அருவியும் பக்கம்தான், இரண்டையும் சேர்த்தே முடிக்கலாம்.

ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்புவது?

மாலை 4, 5 மணி வண்டிகளில் கூட்டம் அதிகம், விலையும் அதிகம், நியூயார்க் நுழையும்போது நெரிசலும் அதிகம். திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் மதியம் 1 மணி வாக்கில் கிளம்பும் வண்டியை எடுக்கலாம். நிதானமாகப் போகலாம் என்பவர்கள் மாலை 6 மணிக்கு மேல் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும், ஆனால் நகரத்தில் இறங்க நள்ளிரவு ஆகும். எதுவானாலும் மலைமேலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு வர ஞாயிறு டிகேட்டை நம்பி ஐந்து நிமிஷ இடைவெளியில் திட்டம் போடாதீர்கள். ஒரு வண்டி முன்னதாகவே இறங்கிவிடுங்கள். பெட்டி கனமில்லை என்றால் நடந்தே இறங்கலாம், இறக்கம்தானே.